கார்த்திகையில் கூவிய குயில்

தன் சேகோ ஃபேக்டரியில் ஒரு துரோகி இருப்பதாகச் செங்கோட்டையன் டெலிபோனில் குமுறியபோது, யாரோ ஜவ்வரிசி மூட்டைகளை லாரியோடு கடத்திவிட்டார்கள் என்றுதான் ஹபீப் நினைத்தான். விஷயம் அதைவிட மோசமாக இருந்தது. அவரிடம் வேலை செய்கிற யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலே, 'வசந்தாமணி துப்பறியும் நிலையம்' என்ற போர்டுக்குப் பின்னால், ஹபீபுக்கு மூன்று உத்தியோகங்கள் இருந்தன. உதவியாளர், ஸ்கூட்டர் டிரைவர், வாயாடி. மூன்றாவதற்குத் தனிச் சம்பளம் கேட்டுப் பார்த்தான். வாயை ஒருநாள் மூடிவைத்துக் காட்டினால் தருவதாக வசந்தாமணி சொல்லியிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தச் சம்பளம் நிலுவையில் இருக்கிறது.

வசந்தாமணி நாமக்கல் பக்கத்துக்காரி. தொழிலாளர் வழக்குகள் நடத்துகிற ஒரு வக்கீலிடம் வெகுகாலம் டைப் அடித்துவிட்டு, குற்றவாளிகளோடு பழகுவது இதைவிட நிம்மதி என்று துப்பறிய வந்தவள். சட்டங்கள் அவளுக்கு மனப்பாடம் கிடையாது, விரல்பாடம். எந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் அவள் விரல்கள் முதலில் மேஜைமேல் தட்டத் தொடங்கும், பிறகுதான் வாய் திறக்கும்.

அது 1988, கார்த்திகை மாதம். இரண்டு நாள் மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலையில் அவர்களுடைய லாம்ப்ரெட்டா சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை எதிரே தெரிகிற இடத்தில் இருந்த செங்கோட்டையனின் வீட்டு வாசலில் போய் நின்றது. நின்றது என்றால், ஹபீப் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அவன் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்க, வசந்தாமணி மட்டும் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு, வழக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஃபேக்டரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். நடந்துகொண்டே அவனுக்குச் சொன்னாள்.

மாதம் பிறந்தவுடன் மாரியாயி என்ற பெண்ணின் வலது கையில் இரண்டு விரல்கள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைக்கிற கிரஷரில் போய்விட்டன. கிரஷரின் வாய்க்கு மூடி இல்லை. செங்கோட்டையனின் வரலாற்றில் அது வேறு மாதிரி பதிவாகியிருந்தது. மாரியாயி தன் வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கினாளாம், அரிவாள் பட்டுவிட்டதாம். மனிதாபிமானத்தில் ஒரு பன் ரொட்டியும் நாலு ஆப்பிளும் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாராம்.

ஒரு வாரம் கழித்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் காளியப்பனுக்கு ஒரு டெலிபோன் வந்தது. கிரஷருக்கு மூடி இல்லை, விரல் போனது அங்கேதான், வந்து பாருங்கள் என்று ஒரு குரல். இன்ஸ்பெக்டர் வந்தார். கிரஷரில் மூடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார், மூடி எப்போதும் இருந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார், நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டார். கை கழுவும்போது செங்கோட்டையனின் காதில் ஒரு வார்த்தையும் போட்டுவிட்டுப் போனார். புகார் வந்துதான் தான் வந்ததாகவும், கிரஷர் ரூம் ஆட்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டுமென்றும், குரல் துணிக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்ததால் ஆணா பெண்ணா தெரியவில்லையென்றும், பின்னணியில் ஒரு குயில் ஒரே ஒருமுறை கூவியதாகவும்.

"சாப்பாடு நல்லா இருந்திருக்கும் போலக்கா," என்றான் ஹபீப். "கோழிக் குழம்புக்கே இவ்வளவு சொல்லிட்டாரு. பாயசம் போட்டிருந்தா போன் நம்பரையே சொல்லியிருப்பாரு."

கிரஷர் ரூமில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மெஷின் ஓட்டுகிற பெரியசாமி, ஃபிட்டர் சின்னண்ணன், கிழங்கு தள்ளுகிற சௌந்திரம். சாயந்திரத்துக்குள் யாரென்று தெரிந்தால் அந்த ஒருவருக்குச் சீட்டுக் கிழியும். தெரியாவிட்டால் மூன்று பேருக்கும் கிழியும். வேலை மட்டுமில்லை, மூவரும் குடியிருப்பது ஃபேக்டரியின் லைன் வீடுகளில் என்பதால், சட்டிபானைகளோடு ரோட்டுக்கு வரவேண்டியதுதான். செங்கோட்டையன் இதைச் சொல்லிவிட்டு, தான் நியாயஸ்தன் என்பதால்தான் துப்பறிகிறவர்களைக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னாராம்.

"நீ என்னக்கா சொன்னே?"

"கண்டுபிடிச்சுத் தாரேன்னு சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டவரு இன்ஸ்பெக்டரு ஒருத்தர்தானே, அவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்புடச் சொல்லியிருக்கறேன்."

ஹபீபுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. கள்ளக் காதலைத் துப்பறிந்திருக்கிறான், காணாமல்போன கல்யாண மாப்பிள்ளையைத் துப்பறிந்திருக்கிறான். ஓர் ஏழையின் சோற்றில் மண் போடுகிற வேலை இதுவரை வந்ததில்லை. அதைச் சொல்லவும் செய்தான். வசந்தாமணி அதற்குள் கிரஷர் ரூமுக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே புளித்த கிழங்கு வாடை மூக்கைத் துளைத்தது. ஆயுத பூஜையை அமர்க்களமாகக் கொண்டாடியிருந்தார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம், சுவிட்ச் போர்டுக்குச் சந்தனம் குங்குமம், மண்வெட்டிக்கு, கூடைக்கு, தோலுரிக்கிற கத்திகளுக்கு, மூலையில் சாய்த்திருந்த விளக்குமாற்றுக்குக்கூட. அடுத்த வருஷப் பூஜைவரை அதை யாரும் அழிக்கமாட்டார்கள், அது காய்ந்து மங்கி அப்படியே இருக்கும்.

"இந்த ரூம்ல பொட்டு இல்லாதது நான் ஒருத்தன்தான்க்கா," என்றான் ஹபீப்.

"இன்னொண்ணும் இருக்குது, சாமி," என்றாள் வசந்தாமணி.

ஹபீப் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. அவள் அதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிரஷரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூடி நல்ல கனமான தகடு. கிழங்கு தள்ளுகிற வாயையும், பக்கத்தில் ஓடுகிற பெல்ட்டையும் சேர்த்து மூடியிருந்தது. அதன்மேல் காய்ந்த மாவும் கறுத்த எண்ணெயும் அப்பிக்கிடந்ததைப் பார்த்தால், தாத்தா காலத்துச் சொத்து என்று சத்தியம் பண்ணலாம். தண்ணீர் படாத பெல்ட் பக்கத்து இடுக்கு வழியாக அவள் டார்ச் அடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. பெரியசாமி எல்லாக் கேள்விக்கும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார், தன் பெயரைக் கேட்டபோதும் அதையே சொல்லப் போய்த் திருத்திக்கொண்டார். ஃபிட்டர் சின்னண்ணனிடம் மூடி எப்போது மாட்டினது என்று கேட்டதற்கு, அது ரொம்ப காலமாக இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்லி யாரோ அவருக்குப் பாடம் எடுத்திருந்தார்கள், மாணவன் கொஞ்சம் மந்தம்.

சௌந்திரத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கிழங்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். டெலிபோனைப் பற்றி வசந்தாமணி ஒன்றுமே கேட்கவில்லை. மாரியாயி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டாள்.

"என்னத்தச் சொல்றதுங்க," என்றாள் சௌந்திரம். "போனது சோத்துக் கையிங்க. இடது கையில திங்கறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு, யாரும் இல்லாதப்பத்தான் திங்கிறா. அவ புள்ளைங்க இருந்தாக்கூடத் திங்கறதில்லீங்க."

ஹபீப் ஏதோ சொல்ல வைத்திருந்தான். அதை விட்டுவிட்டு, அவள் இறக்கிவைத்த கூடையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான்.

அன்றாடம் என்னென்ன வேலை என்று கேட்டதற்கு அவள் அடுக்கினாள். விடிந்ததிலிருந்து கிழங்கு தள்ளுவது, மத்தியானம் முதலாளிக்குச் சோற்றுக் கேரியர் வாங்கிவர அவர் வீட்டுக்குப் போவது, திரும்பி வந்து மறுபடி கிழங்கு. வேறு எங்கும் போவதற்கு நேரமும் இல்லை, காலும் இல்லை என்றாள். இதைச் சொல்லும்போது அவள் வசந்தாமணியின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

செங்கோட்டையன் இதற்குள் சொந்தமாகவே துப்பறிந்து முடித்திருந்தார். குயில் என்றால் மரம். மரத்தடியில் டெலிபோன் என்றால் அது சேந்தமங்கலம் சந்தைப் பக்கம் வேப்பமரத்தின் கீழே இருக்கிற போன் கடைதான். அங்கே போய் விசாரித்தால் ஆள் அகப்பட்டுக்கொள்வான். இவ்வளவு மூளை உள்ள மனிதர் கிரஷருக்கு ஒரு மூடி வாங்க மறந்தது ஆச்சரியம்தான் என்று ஹபீப் ஸ்கூட்டரில் போகும்போது புலம்பினான்.

வேப்பமரம் இருந்தது. அதன் கீழே போன் கடையும் இருந்தது. மரத்தில் ஒரு மாநாடு நடத்துகிற அளவுக்குக் காக்கைகள் இருந்தன. ஹபீப் கடைக்காரரிடம், போன வாரம் இங்கே குயில் கூவியதா என்று கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார். போலீஸா என்று கேட்டார். இல்லை என்றதும் பேச்சு சரளமாக வந்தது.

"கார்த்திகையில எங்கீங்க குயிலு கூவுது? சித்திரை வைகாசியில வரட்டும், தூங்கவே உடாது. இப்ப அதுக்குத் தொண்டையே தொறக்காதுங்க."

"ஒரே ஒரு தடவை கூவிச்சாமுங்க," என்றாள் வசந்தாமணி.

"எந்தக் குயிலுங்கம்மா ஒரே தடவையோட நிறுத்துது? அதுக்கென்ன மீட்டரா ஓடுது?"

வசந்தாமணி முதல்முறையாகச் சிரித்தாள். அவருக்கு நன்றி சொன்னாள். எதிரே இருந்த கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை ஹபீப் கையில் கொடுத்துவிட்டு, வழக்கு முடிந்துவிட்டது என்றாள்.

ஹபீபுக்கு டீ புரை ஏறியது. எங்கே முடிந்தது, எப்படி முடிந்தது, யார் என்று வரிசையாகக் கேட்டான். அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவன் விடவில்லை. பெயர் தெரிந்துவிட்டதென்றால் அந்த நியாயஸ்தனிடம் என்ன சொல்லப் போகிறாள், அந்த ஆளைத் தெருவில் நிறுத்திவிட்டு ஃபேர்லேண்ட்ஸில் போய் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று கோபமாகவே கேட்டுவிட்டான். அவனுக்குச் சௌந்திரம் சொன்ன இடது கை ஞாபகம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

"பொய்யும் சொல்லமாட்டேன், பேரும் சொல்லமாட்டேன்," என்றாள் வசந்தாமணி. அவள் விரல்கள் டீ டம்ளரின்மேல் தட்டத் தொடங்கியிருந்தன. எந்தச் சட்டமோ வெளியே வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

செங்கோட்டையன் வீட்டுக் கூடத்தில் மத்தியானச் சாப்பாடு தடபுடலாக இருந்தது. சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் முதலாளி, அவருக்கு வலப்பக்கம் இன்ஸ்பெக்டர் காளியப்பன், எதிரே வசந்தாமணியும் ஹபீபும். முதலாளியின் மனைவி பொன்னாத்தாள் கரண்டியோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத, இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிற அம்மாள். முதலாளி அன்று வீட்டிலேயே சாப்பிட்டாலும், வழக்கம்போலக் கேரியரோடு வந்துவிட்ட சௌந்திரம் சமையலறை நடையில் காத்து நின்றாள். அரசாங்க ஊழியர் என்ற முறையில் காளியப்பனுக்கு ஈரல் தனிக் கிண்ணத்தில் வந்திருந்தது.

யாரென்று தெரிந்துவிட்டதா என்று செங்கோட்டையன் இரண்டாவது கவளத்திலேயே கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க," என்றாள் வசந்தாமணி. "ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க. ஒருத்தரு மெஷினைப் பத்தி இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லியிருக்காங்க. இன்னொருத்தரு அந்த ஆளைப் பத்தி உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. மொத ஆளு பேரைச் சட்டமே மறைச்சு வெச்சிருக்குது. ரெண்டாவது ஆளு சட்டத்தை மீறிப்போட்டாரு. அதனால அவரு பேரை மட்டும் சொல்றனுங்க."

"அதையாச்சும் சொல்லுங்க."

"இதா, ஈரல் தின்னுட்டிருக்காருங்களே."

காளியப்பனின் தாடை பாதியில் நின்றது. வசந்தாமணியின் விரல்கள் மேஜையில் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன. போன டிசம்பரிலிருந்து தொழிற்சாலைச் சட்டத்தில் நூற்றிப் பதினெட்டு ஏ என்று ஒரு பிரிவு புதிதாக வந்திருக்கிறது என்றாள். புகார் கொடுத்தவர் யார் என்பதை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுத்தவரே சம்மதித்தால் ஒழிய, புகார் வந்துதான் சோதனைக்கு வந்தேன் என்பதைக்கூட முதலாளியிடம் வாய் திறக்கக்கூடாது. இவரோ அதைச் சொல்லிவிட்டு, குயில் கூவியதுவரை வர்ணித்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் ஈரல் கிண்ணத்தை மெல்லத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். அப்படி யாரிடமும் எதுவும் சொன்ன ஞாபகம் தனக்கு இல்லை என்று முனகினார்.

"சொன்னதுக்கு நானே சாட்சிங்க," என்றாள் வசந்தாமணி. "நீங்க சொல்லாட்டி இவரு என்னை எதுக்குங்க கூப்புட்டாரு? புகார் கொடுத்த ஆளைத் தேடறதுக்கு ஒரு ஆளை வெச்சிருக்காருன்னா, புகார் வந்தது இவருக்குத் தெரியும்னு அர்த்தம். நான் இங்க வந்து காப்பி குடிச்சதே உங்களுக்கு எதிரான சாட்சி."

தன் சொந்தச் செலவில் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சியை அழைத்துவந்து உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருப்பது செங்கோட்டையனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஆனாலும் மனிதர் லேசில் விடுகிறவரில்லை. புகாரே பொய் என்று குரலை உயர்த்தினார். மூடி எத்தனையோ வருஷமாக இருக்கிறது, இந்தம்மாளே காலையில் பார்த்தார், அதன் பழமையே சொல்லும் என்றார்.

வசந்தாமணி பொன்னாத்தாளிடம் திரும்பினாள். "ஏனுங்கக்கா, ஆயுத பூசைக்கு ஃபேக்டரியில பொட்டு வெச்சது யாருங்க?"

"நானுஞ் சௌந்திரமுந்தானுங்க. வருசா வருசம் நாங்கதான்."

"எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"மறக்கறதுங்களா? வெளக்குமாத்துக்கே வெச்சமுங்க."

"அப்புறம் அந்த மூடிக்கு மட்டும் ஏனுங்க வெக்கல?"

ஹபீபுக்கு அப்போதுதான் காலையில் அவள் சொன்ன அந்த 'இன்னொண்ணு' எது என்று விளங்கியது. மூடிக்குப் புராதனம் வரவேண்டுமென்று எண்ணெய் பூசி, மாவு அப்பி, எல்லாச் சிங்காரமும் பண்ணியிருந்தார்கள். பூஜை வேலை பெண்கள் வேலை என்று அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத முதலாளிக்கு, அது ஒன்று மட்டும் தோன்றவில்லை.

"மூடிக்கு மேல பொட்டு இல்லீங்க," என்றாள் வசந்தாமணி செங்கோட்டையனைப் பார்த்து. "மூடிக்கு உள்ள, பெல்ட்டுப் பக்கம் மெஷின்மேல நல்லாப் பட்டையா இருக்குது. அத்தனை பெரிய மூடி அன்னிக்கு இருந்திருந்தா, அதுக்கு வெக்காம உள்ள கைய உட்டு மெஷினுக்குப் பொட்டு வெக்கறதுக்கு யாருக்குங்க வெரலு மிச்சமிருக்குது?"

செங்கோட்டையன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், இந்த வீட்டுக்குத் தான் வந்ததே இல்லை என்கிற பாவனையில் ஜன்னலைப் பார்த்தார். மூடி எப்போதும் இருந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர்தான்.

வசந்தாமணி அதற்கப்புறம் மூன்று விஷயம் மட்டும் சொன்னாள். மாரியாயிக்கு நடந்தது ஃபேக்டரியில் நடந்த விபத்து என்று முறைப்படி தெரிவிக்க வேண்டும், அவளுக்குச் சட்டப்படி சேரவேண்டியது சேர வேண்டும், கிரஷர் ரூம் ஆட்கள் மூன்று பேரும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் நேராக இன்ஸ்பெக்டருடைய மேலதிகாரியிடம் போவதாகச் சொன்னாள். தன் விரல்கள் இந்த மாதிரி மனுக்களை எவ்வளவோ அடித்தவை என்பதையும் சொன்னாள்.

"மத்ததெல்லாம் செய்யறனுங்க," என்றார் செங்கோட்டையன். "அந்த ஒரு பேரை மட்டும் எங்கிட்டச் சொல்லிப்போடுங்க. எம்பட சோத்தத் தின்னு எனக்கே பண்ணுனது யாருன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாங்களா?"

"சட்டம் அந்தப் பேரை மறைக்குதே தவிர, வேலையைக் காப்பாத்துமான்னு கேட்டா அரைகுறைதானுங்க. எனக்கு அது நல்லாத் தெரியும். அதனாலதான் சொல்லமாட்டேங்கறேன். நீங்க யாரையாச்சும் அனுப்புனீங்கன்னா லேபர் கோர்ட்டுல மொத சாட்சி நானு. ரெண்டாவது இன்ஸ்பெக்டரு."

அப்போது சுவரில் ஒரு சின்னக் கதவு பட்டென்று திறந்தது.

செங்கோட்டையனின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து மாட்டிய கடிகாரம் அது. கதவுக்குள்ளிருந்து மரத்தில் செய்த ஒரு குருவி தலையை நீட்டி, கார்த்திகை மாதத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல், குயிலைப் போல ஒரே ஒருமுறை கூவிவிட்டு உள்ளே போயிற்று. மணி ஒன்று.

ஹபீப் நிமிர்ந்து பார்த்தான். கடிகாரத்துக்கு நேர் கீழே ஒரு முக்காலி. முக்காலியில் டெலிபோன். டெலிபோன்மேல் வீட்டு அம்மாள் கையால் பின்னிய பூப்போட்ட துணி மூடியிருந்தது. அந்தத் துணியோடு சேர்த்து ரிசீவரைத் தூக்கிப் பேசினால், குரல் துணிக்குள்ளிருந்துதான் வரும். காலையில் வசந்தாமணி காப்பி குடித்தது இந்தக் கூடத்தில்தான்.

அவன் பார்த்ததை இன்ஸ்பெக்டரும் பார்த்துவிட்டார். காளியப்பனின் கண்கள் கடிகாரத்துக்குப் போயின, டெலிபோனுக்கு இறங்கின, அங்கிருந்து பொன்னாத்தாளிடம் போயின, அவளுக்குப் பின்னால் நடையில் கேரியரோடு நின்ற சௌந்திரத்திடம் போய் நின்றன. சௌந்திரம் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள். தினமும் அந்தக் குருவியோடு குடித்தனம் நடத்தி அதன் சத்தமே காதில் விழாமல் போய்விட்ட செங்கோட்டையன் மட்டும், இன்ஸ்பெக்டரின் திறந்த வாயைக் கவனித்தார்.

"என்னங்க சார்? எதாச்சும் ஞாபகம் வந்துதுங்களா?"

வசந்தாமணியின் விரல்கள் மேஜையில் மறுபடி தட்டின. நூற்றிப் பதினெட்டு ஏ. மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

காளியப்பன் எச்சில் விழுங்கினார்.

"எலும்புங்க," என்றார். "தொண்டையில மாட்டிக்கிச்சு."

"இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுங்களா?" என்றாள் பொன்னாத்தாள். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கட்டின புருஷன் பொய் சொல்கிறான் என்பதைத் தன் கையால் வைத்த பொட்டை வைத்தே தெரிந்துகொண்டு, யாரோ ஒருத்தியின் விரலுக்காகத் தன் வீட்டு டெலிபோனை இன்னொருத்தி கையில் எடுத்துக்கொடுத்த பெண் அவள். ஹபீபுக்கு எழுந்து நின்று கும்பிடவேண்டும் போல இருந்தது. கை எச்சிலாக இருந்ததால் சும்மா இருந்தான்.

இன்ஸ்பெக்டருக்குக் குழம்பு வேண்டாம் என்றாகிவிட்டது. செங்கோட்டையன் கை கழுவிவிட்டு வந்து, மாரியாயியின் விபத்தைச் சரியாக எழுதி அனுப்பச் சொல்லிக் கணக்குப்பிள்ளைக்கு உத்தரவு போட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் அவருடைய விரல்தான் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். எழுதி முடிகிறவரை வசந்தாமணி அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது அவர்கள் புறப்படுமுன் ஒருமுறை கிரஷர் ரூமுக்குப் போனார்கள். சின்னண்ணன் மூடியின் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார், இந்தமுறை தரையைப் பார்க்காமல். பொன்னாத்தாள் வீட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தாள். இனிமேல் இந்த மூடியைக் கழற்றக்கூடாது, இதுவும் நம் மெஷின்தான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை நீட்டினாள். சௌந்திரம் அதை வாங்கி, எண்ணெயும் மாவும் அப்பியிருந்த தகட்டை முந்தானையால் துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்பின் பேசிப் பழகாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

வாசலில் செங்கோட்டையன் ஹபீபைத் தனியாக ஓரங்கட்டினார். அந்தம்மாள்தான் பிடிவாதம் பிடிக்கிறார், தம்பிக்காவது தெரிந்திருக்குமே, யார் என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டார். ஹபீபின் நாக்கில் அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பதில்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் ஒரு குயிலில் போய்த்தான் முடிந்தது. அத்தனையையும் விழுங்கினான்.

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது வசந்தாமணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "முதலாளிகிட்ட என்ன சொன்னே?"

"நல்ல வெயிலுங்க, ஜவ்வரிசி சீக்கிரம் காஞ்சிரும்னு சொன்னேன்க்கா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

கொல்லிமலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. லாம்ப்ரெட்டா இருமிக்கொண்டே மெயின் ரோட்டுக்கு ஏறியது. கொஞ்ச தூரம் போனபிறகு, அந்த மூன்றாவது சம்பளத்தை இந்த மாதத்திலிருந்தே போட்டுவிடுவதாக வசந்தாமணி அவன் காதருகில் சொன்னாள்.